அசலைத் தொடாத திருத்தம்

கல்யாண ஆல்பம் வீட்டுக்கு வந்ததும் எழுகிற முதல் சண்டை பெரும்பாலும் புடவையைப் பற்றியதாகவே இருக்கும். கடையில் பாதி நாள் உட்கார்ந்து, பத்துப் பேர் தொட்டுப் பார்த்து எடுத்த அரக்குக் கூறைப்புடவை படத்தில் செக்கச்செவேலென்று நிற்கும். மண்டபத்தின் மஞ்சள் விளக்கும் வீடியோக்காரரின் வெள்ளை விளக்கும் சேர்ந்து பார்த்த வேலை அது. ஸ்டூடியோவில் வண்ணத்தைக் கொஞ்சம் குளிர்ச்சிப் பக்கம் தள்ளினால் புடவை அரக்குக்குத் திரும்பிவிடும். கூடவே பெண்ணின் முகம் வெளிறும், மாப்பிள்ளையின் பட்டு வேட்டி நீலம் பாரிக்கும். "ரெண்டு மாதிரியும் போட்டு வைங்க தம்பி, வீட்ல கேட்டுட்டுச் சொல்றோம்" என்று பெண்ணின் அம்மா சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

அந்த 'ரெண்டு மாதிரி' ரெண்டோடு நிற்பதில்லை. ஆல்பத் தாளுக்கு ஒன்று, வரவேற்பறையில் மாட்டும் லாமினேஷனுக்குச் சற்று வெளிச்சம் கூட்டி ஒன்று, மாப்பிள்ளைக்குப் பிடித்ததென்று கறுப்பு வெள்ளையில் ஒன்று, இன்ஸ்டாகிராமுக்கு நெட்டுவாக்கில் வெட்டியது ஒன்று. மூன்று நாளில் கணினித் திரையில் 'முகூர்த்தம் ஃபைனல்', 'முகூர்த்தம் ஃபைனல் 2', 'ஃபைனல் ஓகே', 'அண்ணன் சொன்னது' என்று கோப்புகள் வரிசை கட்டி நிற்கும். அச்சகத்துக்குப் போனது எது என்று கேட்டால், அனுப்பியவருக்கே ஒரு நிமிடம் யோசிக்கத் தோன்றும்.

ஒரு படத்துக்குப் பல வடிவங்கள் என்பது கணினி கொண்டுவந்த தொல்லை அல்ல. இருட்டறைக் காலத்திலேயே அது உண்டு. அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், 1941 இலையுதிர் காலத்தில் ஒரு மாலை நியூ மெக்சிகோ மாநிலத்தில் காரில் போய்க்கொண்டிருந்தார். ஹெர்னான்டஸ் என்ற சிற்றூரைக் கடக்கும்போது கிழக்கே நிலா எழும்பியிருந்தது. மேற்கில் சாய்ந்த வெயில் ஊர்க் கல்லறையின் வெள்ளைச் சிலுவைகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டி, 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவை அவசர அவசரமாக நிறுத்தினார். ஒளிமானியைத் தேடினால் கையில் அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்ற எண் மட்டும் நினைவில் இருந்தது. அதை வைத்து மனக்கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுக்க ஃபிலிம் சட்டத்தைத் திருப்புவதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது.

ஆக, நெகட்டிவ் ஒன்றே ஒன்று. அதிலும் நிலத்துப் பகுதி வெளிச்சம் போதாமல் மெலிந்து கிடந்தது. அந்த ஒரே நெகட்டிவிலிருந்து அடுத்த சுமார் நாற்பது ஆண்டுகளில் ஆடம்ஸ் போட்ட பிரிண்டுகள் 1,300-க்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஆரம்ப காலப் பிரிண்டுகளில் வானம் சாம்பல் பூத்திருக்கும், மேலே மேகக் கீற்றுகள் தெரியும். 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தில் நனைத்துச் செறிவூட்டினார். பிந்தைய பிரிண்டுகளில் வானம் கிட்டத்தட்டக் கரியாகிவிட்டது, கீற்றுகள் காணாமல் போயின. இளம் வயதில் முறையாகப் பியானோ பயின்றவர் அவர். நெகட்டிவ் என்பது இசையமைப்பாளர் எழுதிய சுரக்குறிப்பு, பிரிண்ட் என்பது அதைக் கச்சேரியில் வாசிப்பது என்று அடிக்கடி சொல்வார். கச்சேரிக்குக் கச்சேரி வாசிப்பு மாறலாம், சுரக்குறிப்பு ஒன்றுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆடம்ஸ் படுமோசம். படம் எடுத்த தேதியை எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. இந்தப் படத்துக்கே வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொன்னார். கடைசியில் வானியல் ஆட்கள்தான் நிலா இருந்த இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு, 1941 நவம்பர் 1, மாலை 4.49 என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். அது 1991-ல், ஆடம்ஸ் இறந்து ஏழாண்டு கழித்து. இன்றைக்குச் சாதாரணக் கைப்பேசிகூட ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாளையும் நொடியையும் தானே எழுதிவிடுகிறது.

இருட்டறைக்காரர்கள் வடிவங்களை நினைவில் வைத்துக்கொண்ட விதம் பார்க்கச் சுவையானது. நியூயார்க்கில் மாக்னம் புகைப்பட நிறுவனத்துக்குப் பிரிண்ட் போட்டவர் பாப்லோ இனிரியோ. புகைப்படக்காரர் டென்னிஸ் ஸ்டாக் 1955-ல் டைம்ஸ் சதுக்க மழையில் எடுத்த, நடிகர் ஜேம்ஸ் டீனின் படத்துக்கு அவர் வைத்திருந்த வேலைப் பிரதியைப் பார்த்தால் படம் முழுக்கக் கோடுகளும் வட்டங்களும் எண்களும். இந்த இடத்தில் இத்தனை விநாடி வெளிச்சத்தைக் கூட்டு, அந்த இடத்தில் கையால் மறைத்து இத்தனை விநாடி குறை என்பதற்கான குறிப்புகள் அவை. நெகட்டிவில் ஒரு கீறல் இல்லை. திருத்தம் முழுவதும் வேறொரு காகிதத்தில் இருந்தது.

இந்த ஒழுங்கு கணினிக்கு வந்தபோது கொஞ்ச காலம் தொலைந்துபோனது என்பதுதான் வேடிக்கை. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990-ல் விற்பனைக்கு வந்தது. அதில் லேயர் கிடையாது. படத்தின் புள்ளிகள் மேலேயே நேராகத் தீட்ட வேண்டும். லேயர் வசதி 1994-ல் மூன்றாம் பதிப்பில் வந்தது. செய்ததை ஒரு படிக்கு மேல் பின்வாங்கிக்கொள்ளும் ஹிஸ்டரி பலகை 1998-ல் ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது. அந்த ஹிஸ்டரியும் கோப்பை மூடினால் மறைந்துவிடும், இன்றும் அப்படித்தான். ஆகவே அந்தத் தலைமுறை டிசைனர்களுக்கு ஒரே பாதுகாப்பு, வேறு பெயரில் சேமிப்பது. 'ஃபைனல் 2' என்ற பழக்கம் பிறந்தது சோம்பலால் அல்ல, பயத்தால்.

அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. நாம் அன்றாடம் புழங்கும் ஜேபெக் கோப்பு, படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிட்டுத்தான் சேமிக்கிறது. திறந்து பார்த்து மூடுவதால் ஒன்றும் ஆகாது, சிலர் பயப்படுவதுபோல் பார்க்கப் பார்க்கப் படம் தேய்வதில்லை. ஆனால் திருத்தி, மறுபடி ஜேபெக்காகச் சேமித்து, அதை மறுபடி திருத்தினால் ஒவ்வொரு முறையும் கழிவு சேரும். 'ஃபைனல் 4' என்பது 'ஃபைனல் 3'-இலிருந்து பிறந்து, அது 'ஃபைனல் 2'-இலிருந்து பிறந்திருந்தால், வானத்தில் பட்டை பட்டையாகவும் முடியின் ஓரத்தில் கொசகொசவென்றும் தெரிவது அதனால்தான்.

புடவைச் சண்டைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். மஞ்சள் விளக்கில் சிவப்புப் பட்டு எல்லா இடத்திலும் உச்சப் படியைத் தொட்டுவிட்டால், மடிப்புக்கும் மடிப்புக்கும் வித்தியாசம் இல்லாமல் புடவை ஒரே சிவப்புத் தகடாகிவிடும். அதற்கப்புறம் வண்ணத்தை எப்படித் திருகினாலும் மடிப்பு திரும்பாது. கேமராவின் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் 14 பிட் பதிவென்றால் 16,384 படிகள் இருக்கும். விளக்கின் நிறத்தை ஈடுசெய்யும் கணக்கு அதில் இன்னும் படத்தோடு கலக்கப்படாமல் தனிக் குறிப்பாகவே இருக்கும். அதை எத்தனை முறை மாற்றினாலும் சேதமில்லை. அரக்கு ஒரு வடிவம், முகம் ஒரு வடிவம் என்று இரண்டையும் ஒரே கோப்பிலிருந்து எடுக்க முடிவது இதனால்தான்.

மென்பொருள்கள் இருட்டறை ஒழுங்குக்குத் திரும்பத் தொடங்கியது 2005-ல். அந்த ஆண்டு ஆப்பிள் நிறுவனம் அப்பர்ச்சர் என்ற மென்பொருளை வெளியிட்டது. 2007-ல் அடோபியின் லைட்ரூம் முழு வடிவில் வந்தது. இரண்டுக்கும் அடிப்படை எண்ணம் ஒன்றே. அசல் கோப்பை யாரும் தொட வேண்டாம், திருத்தங்களைக் கட்டளைகளாக மட்டும் எழுதி வைப்போம். தையற்காரர் துணியின் மேல் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பது போன்ற வேலை இது. தையற்காரர் என்றைக்காவது கத்தரியை எடுத்தாக வேண்டும், இங்கே அதுவும் இல்லை. அச்சுக்கோ வாட்ஸ்அப்புக்கோ படத்தை வெளியே எடுக்கும்போது மென்பொருள் அசலைப் படித்து, கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றி, புதிதாக ஒரு கோப்பை உண்டாக்கித் தருகிறது.

இதனால் இடம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கலாம். 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்தால் சுமார் 144 எம்பி. ஐந்து வடிவம் என்றால் 720 எம்பி. அதே ஐந்து வடிவங்களைக் கட்டளைகளாக எழுதினால், முகத்தையும் வானத்தையும் தனித்தனியாகப் பிரித்துத் திருத்தும் மாஸ்க்குகள் அதிகம் இல்லாதவரை, எல்லாம் சேர்ந்து சில பத்து கேபிதான்.

லைட்ரூம் கிளாசிக்கில் இதன் பெயர் விர்ச்சுவல் காப்பி. தாலி கட்டும் படம் ஒன்று திரையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ட்ரோல் விசையையும் ஒற்றை மேற்கோள் விசையையும் சேர்த்து அழுத்தினால் அதே படம் பக்கத்தில் இன்னொன்றாக வந்து உட்காரும். சிறுபடத்தின் இடது கீழ் மூலை, புத்தகத் தாளை மடித்ததுபோல் லேசாக மடங்கியிருக்கும். இது நகல், அசல் வேறு என்பதற்கான அடையாளம் அது. வன்தட்டில் போய்த் தேடினால் இரண்டாவது கோப்பு எதுவும் இருக்காது. அந்த நகலைக் கறுப்பு வெள்ளையாக்கலாம். இன்னொரு நகல் எடுத்து 4-க்கு 5 விகிதத்தில் நெட்டுவாக்கில் வெட்டலாம். கேமரா எடுத்த படம் 6000-க்கு 4000 புள்ளி என்றால், உயரத்தை அப்படியே விட்டு இந்த விகிதத்துக்கு வெட்டும்போது அகலம் 3200-ஆகச் சுருங்கும். கிட்டத்தட்டப் பாதிப் படம் போய்விடும். ஓரத்தில் விளக்கோடு நிற்கும் நாத்தனாரும் அதோடு போய்விடுவார். பழைய முறையில் இதை அதே பெயரில் சேமித்துத் தொலைத்திருந்தால், ஆல்பத்தில் அவரைத் திரும்பக் கொண்டுவர வழியே இருந்திருக்காது. இங்கே அவர் பக்கத்து வடிவத்தில் விளக்கோடு பத்திரமாக நிற்கிறார்.

நகல்களுக்கு மென்பொருள் தானாக வைக்கும் பெயர் 'காப்பி 1', 'காப்பி 2' என்றுதான் இருக்கும். அதை அப்படியே விட்டால் 'ஃபைனல் 2' நோய் புது வீட்டுக்குக் குடிபோனதாகத்தான் அர்த்தம். தகவல் பலகையில் அந்தப் பெயரை மாற்றலாம். 'ஆல்பம்', 'கறுப்பு வெள்ளை', 'லாமினேஷன்' என்று எதற்காக உண்டாக்கினோமோ அதையே பெயராக வைப்பது நல்லது. இந்தச் சின்ன வேலையைச் செய்பவர்கள் குறைவு.

விர்ச்சுவல் காப்பிக்கு ஸ்னாப்ஷாட் என்று ஒரு தங்கை உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். ஸ்னாப்ஷாட் என்பது ஒரே படத்தின் திருத்தம் இந்த நிமிடத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு பெயர் கொடுத்துக் குறித்துக்கொள்வது. பின்னால் எங்கே போனாலும் அந்தப் புள்ளிக்கு ஒரே அழுத்தில் திரும்பலாம். ஆனால் அது தனிப் படமாக வெளியே தெரியாது. இரண்டு வடிவங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும், ஒன்றை ஆல்பத் தொகுப்பிலும் மற்றொன்றை இன்ஸ்டாகிராம் தொகுப்பிலும் போட வேண்டும் என்றால் விர்ச்சுவல் காப்பிதான் சரி. 'இதுவரை செய்தது நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் முயன்று பார்ப்போம்' என்ற நிலைக்கு ஸ்னாப்ஷாட் போதும். நகல் எடுத்துத் தள்ளுகிற பல பேருக்கு உண்மையில் தேவைப்படுவது ஸ்னாப்ஷாட்தான்.

லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். கட்ட விரும்பாதவர்களுக்கு டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதிலும் ஒரு படத்துக்கு எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். டிஜிகேம் என்ற இன்னொரு இலவச மென்பொருள், திருத்தியதைப் புதிய கோப்பாகவே சேமித்து, ஆனால் இது இந்த அசலின் பிள்ளை என்ற உறவை நினைவில் வைத்துக்கொள்கிறது. விலையுயர்ந்த கேப்சர் ஒன்னில் வேரியன்ட் என்பார்கள். பெயர்கள்தான் வேறு வேறு.

இவற்றில் எது சிறந்தது என்ற வாதத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. எழுதிய கட்டளை எங்கே போய் உட்காருகிறது?

லைட்ரூம் எல்லாக் கட்டளைகளையும் கேட்டலாக் என்ற ஒரே தரவுத்தளக் கோப்பில் எழுதுகிறது. படங்கள் எங்கோ ஒரு வன்தட்டில், அவற்றின் திருத்தங்கள் மொத்தமும் இந்தக் கோப்பில். இது கெட்டுப்போனால் ஐந்தாண்டு உழைப்பு ஒரே நாளில் போகும். படங்கள் அப்படியே இருக்கும், எடுத்த அன்று இருந்தபடி, செக்கச்செவேலென்று. டார்க்டேபிள் தன் தரவுத்தளம் போக, ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எக்ஸ்எம்பி என்ற சிறு துணைக் கோப்பு ஒன்றையும் எழுதி வைக்கிறது. நகல் எடுத்தால் அதற்கெனத் தனியாக ஒரு துணைக் கோப்பு. ஃபோல்டரைத் தூக்கி வேறு கணினியில் வைத்தால் நகல்களும் கூடவே வந்துவிடும். லைட்ரூமிலும் எக்ஸ்எம்பி எழுதச் சொல்லலாம், அமைப்பில் போய் அதை இயக்கிவிட வேண்டும். அப்படி இயக்கிய பலரும் அறியாத ஒன்று, விர்ச்சுவல் காப்பிகள் அந்தத் துணைக் கோப்பில் ஏறுவதில்லை என்பது. அவை கேட்டலாக்கில் மட்டுமே உயிர் வாழ்கின்றன. எக்ஸ்எம்பி இருக்கிறதே என்ற தைரியத்தில் கேட்டலாக்கை அழித்தவர், அசலின் திருத்தத்தைத் திரும்பப் பெறுவார், நகல்களைப் பெறமாட்டார். மென்பொருளை மூடும்போது கேட்டலாக்கை பேக்கப் எடுக்கட்டுமா என்று அவ்வப்போது கேட்கும் பெட்டியை நாமெல்லாம் எரிச்சலோடு தள்ளிவிடுகிறோம். அது கேட்பது இதைத்தான்.

கட்டளைக்கு இன்னொரு பலவீனம், அதை எழுதிய மென்பொருளுக்குத்தான் அது முழுதாகப் புரியும். அப்பர்ச்சர் பயன்படுத்தியவர்கள் இதைக் கசப்போடு கற்றார்கள். அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக ஆப்பிள் 2014-ல் அறிவித்தது, 2015-ல் விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டது. லைட்ரூமுக்கு மாற அடோபி ஒரு வழி செய்து கொடுத்தது. படங்கள் வந்தன, நட்சத்திரக் குறிகள் வந்தன, குறிச்சொற்கள் வந்தன. திருத்தங்கள் வரவில்லை. அப்பர்ச்சரின் 'நிழலைத் தூக்கு' என்ற கட்டளை லைட்ரூமுக்கு வேற்று மொழி. திருத்திய தோற்றம் வேண்டுமென்றால் அதை முழு அளவுப் படமாக வெளியே எடுத்துக்கொள்வது ஒன்றே வழி.

கூகுளின் பிகாசா என்ற பட மென்பொருளுக்கும் இதே கதிதான், 2016-ல். நம் ஊர் வீட்டுக் கணினிகளில் ஒரு காலத்தில் அது இல்லாத இடமில்லை. அதில் செய்த திருத்தங்கள் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஒரு குட்டிக் கோப்பில் எழுதப்பட்டன. சேமி என்று தனியாகச் சொல்லாமல், படங்களைப் பென்டிரைவில் நகலெடுத்துக் கொடுத்த எத்தனையோ பேர், 'நான் சரிபண்ணியிருந்தேனே, எப்படிப் பழையபடி ஆச்சு?' என்று குழம்பியிருப்பார்கள். சேமித்தவர்களுடைய அசல், அதே ஃபோல்டரில் மறைவான இன்னொரு ஃபோல்டரில் கிடக்கும். பழைய வன்தட்டு வீட்டில் இருந்தால், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி ஒரு முறை தேடிப் பார்ப்பது வீண்போகாது.

ஆகவே அனுபவசாலிகள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். வேலை நடக்கும்வரை கட்டளைகள். வேலை முடிந்து வாடிக்கையாளர் சரி என்று சொன்ன வடிவத்தை மட்டும், முழு அளவில், டிஃப் அல்லது உச்சத் தர ஜேபெக்காக வெளியே எடுத்துத் தனி ஃபோல்டரில் போட்டுவிடுவார்கள். எல்லா வடிவத்தையும் அல்ல, சரி என்றதை மட்டும்.

எல்லாத் திருத்தத்தையும் கட்டளையாக எழுதிவிடவும் முடியாது. முகத்தில் பரு எடுப்பது, பின்னால் தெரியும் பிளாஸ்டிக் நாற்காலியை அழிப்பது போன்ற சிறு வேலைகளை லைட்ரூமே செய்துவிடும். நுட்பமான டச்சப் என்றால் போட்டோஷாப்புக்குப் போகத்தான் வேண்டும். போகும்போது அதுவரையிலான கட்டளைகள் எல்லாம் நிறைவேறி, ஒரு புதிய டிஃப் அல்லது பிஎஸ்டி கோப்பு பிறக்கிறது. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். டச்சப் முடிந்த பிறகு, வண்ணம் சரியில்லை என்று ரா கோப்பில் போய் மாற்றினால் டிஃப்பில் ஒன்றும் மாறாது. அது தனிக்குடித்தனம் போன பிள்ளை. எனவே வண்ணத்தை வீட்டுக்காரர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே டச்சப்பில் கை வைப்பது என்று ஒரு வரிசையை வைத்துக்கொள்ளும் ஸ்டூடியோக்கள் பாதித் தலைவலியைத் தவிர்க்கின்றன. ராவையே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக போட்டோஷாப்புக்குள் வைத்து, வண்ணத்தைப் பின்னால் மாற்றிக்கொள்ளும் வழியும் உண்டு. கோப்பு கனத்துவிடும், கணினி திணறும்.

கேமராவே வேண்டாம், கைப்பேசி போதும் என்பவர்களும் தெரியாமலே இந்த முறைக்குள்தான் இருக்கிறார்கள். ஐபோனில் படத்தைத் திருத்தினால் அசல் அழிவதில்லை. ஆண்டுகள் கழித்தும் 'ரிவர்ட்' அழுத்தி அசலுக்குத் திரும்பலாம். கேபிள் போட்டுக் கணினிக்கு எடுக்கும்போது ஒரே எண்ணில் இரண்டு படங்களும், ஏஏஇ என்று முடியும், எதிலும் திறக்காத ஒரு கோப்பும் வந்து நிற்பதைப் பார்த்துச் சிலர் வைரஸ் என்று அழித்துவிடுகிறார்கள். பெயரில் ஈ என்ற எழுத்துச் சேர்ந்திருப்பது திருத்திய படம், சேராதது அசல், ஏஏஇ என்பது திருத்தக் கட்டளை. கூகுள் போட்டோஸில் 'சேமி', 'நகலாகச் சேமி' என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. பிள்ளையின் படத்தைப் பள்ளி அடையாள அட்டைக்காக முகம் மட்டும் வெட்டுகிறோம் என்றால் இரண்டாவதை அழுத்துவதே நல்லது. முதல் படத்தில் இருக்கும் தாத்தாவும் திண்ணையும் கேலரியில் அப்படியே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அசலாக வைத்துத் திருத்துவது மட்டும் எப்போதுமே நஷ்டம். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அனுப்புகிறவரை டாகுமென்டாக அனுப்பச் சொன்னால் முழுப்படம் வரும்.

அசலைக் காட்ட முடிவதும் முடியாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்குச் செய்தி உலகில் இரண்டு உதாரணங்கள் உண்டு. ஸ்வீடன் நாட்டுப் புகைப்படக்காரர் பால் ஹான்சன் 2012 நவம்பரில் காசாவில் எடுத்த படம், இறந்த இரண்டு குழந்தைகளை உறவினர்கள் குறுகிய தெருவில் தூக்கி வருவது, அந்த ஆண்டுக்கான வேர்ல்டு பிரஸ் போட்டோ முதற்பரிசைப் பெற்றது. செய்தித்தாளில் வந்த வடிவமும் போட்டிக்குப் போன வடிவமும் ஒளியிலும் நிறத்திலும் வேறுபட்டிருந்தன. 2013 மே மாதம், இது பல படங்களை ஒட்டிச் செய்தது என்றே ஒருவர் குற்றம் சாட்டினார். அமைப்பாளர்கள் ரா கோப்பைக் கேட்டார்கள், ஹான்சன் கொடுத்தார். நிபுணர்கள் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, நிறமும் ஒளியும் மாற்றப்பட்டிருக்கின்றன, ஒட்டுவேலை இல்லை என்றார்கள். பரிசு நிலைத்தது. அவ்வளவு நாடகத்தனமான ஒளி செய்திப் படத்துக்குத் தேவையா என்ற விவாதம் மட்டும் ஓயவில்லை. அது நியாயமான விவாதமும்கூட.

மற்றது 2024 மார்ச் 10-ம் தேதி, இங்கிலாந்தில் அன்னையர் தினம். இளவரசி கேட் தன் மூன்று குழந்தைகளோடு இருக்கும் படத்தை அரண்மனை வெளியிட்டது. மகள் சார்லட்டின் சட்டைக் கை மணிக்கட்டருகே பொருந்தாமல் துண்டுபட்டுத் தெரிந்தது. ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி முதலிய செய்தி நிறுவனங்கள் அன்றே படத்தைத் திரும்பப் பெற்றன. அமெச்சூர் புகைப்படக்காரர்களைப் போலத் தானும் எப்போதாவது திருத்திப் பார்ப்பதுண்டு என்று சொல்லி கேட் மறுநாள் மன்னிப்புக் கேட்டார். திருத்தாத அசலை மட்டும் அரண்மனை வெளியிடவில்லை. குடும்பப் படத்தில் சட்டைக் கையைச் சரிசெய்வது கொலைக் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அசல் வெளிவராத இடத்தை வதந்தி நிரப்பியது.

ராய்ட்டர்ஸ் 2015-லேயே, வெளியிலிருந்து படம் அனுப்புகிறவர்கள் ராவிலிருந்து பதப்படுத்திய படங்களை அனுப்ப வேண்டாம், கேமராவே ஜேபெக்காகப் பதிவுசெய்ததை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. கலைஞர்களுக்கு ராவே உயிர். செய்தி அறைக்கு அதிலிருந்து பிறக்கும் பல வடிவங்களே சந்தேகம்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முன்பணம் கொடுக்கும்போதே சில விஷயங்களைப் பேசிக்கொண்டால் போதும். ராவில் எடுக்கிறீர்களா, ஜேபெக்கிலா? ஆல்பம் கொடுத்த பிறகு அசலை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள்? ஒரு கல்யாணத்தின் ரா கோப்புகள் நூறு ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டும். வன்தட்டு விலைக்கு அதைக் காலம் முழுக்க வைத்திருக்க எந்த ஸ்டூடியோவாலும் முடியாது, அதில் தப்பும் இல்லை. ரா தர மாட்டோம் என்பவர்களும் உண்டு, அரைகுறைத் திருத்தத்தில் தங்கள் பெயர் கெடும் என்ற கவலை அவர்களுக்கு. அப்படியென்றால் திருத்தி முடித்த படங்களை முழு அளவில், வெட்டாமல், லோகோ போடாமல் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பென்டிரைவில் வாங்கியதை அந்த வாரமே இன்னொரு வன்தட்டிலும் ஏற்றி, அதை வேறொருவர் வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் வைத்துவிடுவது நல்லது.